நம் அருகே எழும் கட்டடமும் நமது உரிமையும்



ஒரு நாள் காலையில் வீட்டுக் கதவைத் திறக்கிறோம். எதிரே இருந்த திடலைச் சுற்றித் தகரவேலி எழும்பியிருக்கிறது. மண்வாரி இயந்திரம் வந்து நிற்கிறது. என்ன கட்டப்போகிறார்கள் என்று பக்கத்து வீட்டாரைக் கேட்கிறோம். அவருக்கும் தெரியவில்லை. "நம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!" என்று இருவரும் வருந்துகிறோம்.

உண்மையில் நம்மைக் கேட்டிருக்க வேண்டுமா? வேண்டுமென்றால் எப்போது, எவ்வாறு கேட்டிருக்க வேண்டும்? இவற்றையே இன்று ஆராய்வோம்.

தீபகற்ப மலேசியாவில் நில மேம்பாட்டை நெறிப்படுத்துவது 1976ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டமாகும். இது 172ஆவது சட்டம் என்றும் அழைக்கப்படும். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. 172ஆவது சட்டம் 1995இலும் 2001இலும் பெரிய அளவில் திருத்தப்பட்டது. மேம்பாட்டாளர் தம் திட்டத்தை விளக்கும் அறிக்கையை விண்ணப்பத்துடன் தர வேண்டும் என்பதும், மரங்களைக் காக்கும் விதிகளும் 1995இல் வந்தன. நாடு முழுமைக்குமான திட்டமிடல் மன்றம் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அமைந்தது.

இச்சட்டப்படி இரண்டு திட்டங்கள் முக்கியமானவை. மாநிலம் எத்திசையில் வளர வேண்டும் என்பதைப் பொதுவாகக் கூறுவது அமைப்புத் திட்டம். எந்த நிலத்தில் வீடு, எதில் தொழிற்சாலை, எதில் திடல் என்று வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டுவது உள்ளூர்த் திட்டம். இவற்றின் வரைவு தயாரானதும் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் அறிவிப்பு வெளியிட வேண்டும். வரைவைப் பொதுமக்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். குறித்த காலத்திற்குள் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அறிவிப்பு வரும் இதழ்களுள் ஒன்று தேசிய மொழி இதழாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் இதழிலும் வர வேண்டும் என்று கூறவில்லை. தமிழ் இதழ் மட்டும் படிக்கும் குடும்பத்தினர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்து, அண்டை நிலத்தாருக்கு வரும் கடிதத்தைப் பற்றிக் காண்போம். ஓரிடத்திற்கு உள்ளூர்த் திட்டம் இல்லாதபோது அங்கே மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால், ஊராட்சி மன்றம் அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். கடிதம் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் அவர்கள் காரணத்தோடு ஆட்சேபிக்கலாம். நேரில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டால், மன்றம் அவர்களை அழைத்துச் செவிசாய்க்க வேண்டும்.

அண்டை நிலம் என்றால் எது? ஒட்டியிருக்கும் நிலம் ஒன்று. 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ கால்வாயோ ஒதுக்கு நிலமோ மட்டும் குறுக்கே இருக்கும் நிலம் மற்றொன்று. இரு தரப்பாருக்கும் பொதுவான வழி முட்டுச்சாலையாக இருந்தால், எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள நிலமும் அண்டை நிலமே.

இங்கே இரண்டு செய்திகளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது, உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே நடப்பில் உள்ள இடத்தில் இக்கடிதத்தை அனுப்பும் கடமை எழுவதில்லை. வரைவு பார்வைக்கு வைக்கப்பட்டபோதே மக்கள் கருத்துக் கூற வாய்ப்புப் பெற்றுவிட்டார்கள் என்பது சட்டத்தின் எண்ணம். அன்று நாம் பேசாதிருந்தால் இன்று வாய்ப்புச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது, கடிதம் நில உரிமையாளருக்கே வரும். வாடகைக்கு இருப்பவருக்கும், தோட்ட லயத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவருக்கும் வராது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய காலத்தில், செய்தி நம்மவர் பலருக்குக் கடைசியாகவே எட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. அங்கே தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்காவின் கதை நமக்கு நல்ல பாடம். அமைப்புத் திட்டத்தில் அது பொதுத் திறந்தவெளி. அதன் ஒரு பகுதியில் வானளாவிய அடுக்குமாடிகள் கட்ட 2017இல் அனுமதி வழங்கப்பட்டது. சுற்றுவட்டார மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவ்வெற்றியை உறுதிசெய்தது. அமைப்புத் திட்டத்தை விருப்பம்போல் ஒதுக்கிவிட முடியாது என்பது நிலைநாட்டப்பட்டது.

ஆனால் அதே நிலத்தில், முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் 1980களிலிருந்து நீள்வீடுகளில் நிரந்தர வீட்டிற்காகக் காத்திருந்தன. அவர்களுக்கான அடுக்குமாடியும் அத்திட்டத்தில் சேர்ந்திருந்தது. ஆகவே, பூங்கா காக்கப்பட்ட செய்தி ஒரு சாராருக்கு மகிழ்ச்சியையும் மற்றொரு சாராருக்குக் கவலையையும் தந்தது. தொடக்கத்திலேயே இரு தரப்பாரையும் அழைத்துப் பேசியிருந்தால் இத்துணை ஆண்டுகள் கழிந்திருக்குமா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? நம் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் உண்டா என்று நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ கேட்டறிவோம். வரைபடத்தில் நம் திடலும் கோயிலும் பள்ளியும் எந்த நிறத்தில் உள்ளன என்று பார்ப்போம். கடிதம் வந்தால் மேசையில் போட்டுவிடாமல், வந்த நாளை அதன் மேலேயே குறித்து வைப்போம். ஆட்சேபத்தில் "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதுவதில் பயனில்லை. போக்குவரத்து நெரிசல், வெள்ளம், மலைச்சரிவு, திறந்தவெளிக் குறைவு எனக் காரணங்களை எடுத்துக் காட்டுவோம். ஒரு படியில் அலுவலக முத்திரை பெற்று வைத்துக்கொள்வோம். அண்டை நிலத்தாராக ஆட்சேபித்தவர் மன்றத்தின் முடிவில் குறை கண்டால், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம்.

நேயர்களே, சட்டம் நமக்குத் தந்திருப்பது 21 நாள். அது மேம்பாட்டைத் தடுப்பதற்காகத் தரப்பட்ட ஆயுதமன்று. நம் ஊர் எப்படி வளர வேண்டும் என்று நாமும் கூடிப் பேசுவதற்கான வாய்ப்பு. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது, அதைப் படிக்க இயலாத பக்கத்து வீட்டாருக்கும் படித்துச் சொல்வோம்.