குளத்து மீன்களுக்குக் காணும் வைரஸ் வியாதியும் அதைத் தடுக்கும் விதமும்

பழனி மலைக் குடியானவர்களுக்கு வைரஸ் வியாதி புதிதன்று. மலைவாழையை முடிக்கொத்து நோய் பாழாக்கியதை வடகவுஞ்சிப் பக்கத்தில் அறியாதார் இல்லை. அந்நோய் கண்ட வாழைக்கு மருந்து கிடையாது. கிழங்கோடு அகற்றி அழிப்பதொன்றே வழி. மீன்களின் வைரஸ் வியாதியும் அத்தன்மையதே.

ஜிலேபிக் கெண்டையைத் தாக்கும் ‘திலாப்பியா ஏரி வைரஸ்’ இஸ்ரேல் தேசத்தில் 2014-இல் கண்டறியப்பட்டது. 2009 முதலே அங்கு மீன்கள் மடிந்து வந்தன. நமது தேசத்தில் மேற்கு வங்காளம், கேரளம் ஆகிய இடங்களின் பண்ணைகளில் இது காணப்பட்ட செய்தி 2018-இல் வெளியாயிற்று. கடுமையாகப் பரவிய இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை மடிந்ததுண்டு. நோயுற்ற மீன் இரை எடாது, நீர்மட்டத்தில் சோர்ந்து மிதக்கும், தோல் புண்ணாகும், கண் வீங்கி மங்கும்.

குட்டையில் மீன் செத்தால் உடனே வைரஸ் என்று அஞ்ச வேண்டுவதில்லை. பிராணவாயுக் குறைவே பெரும்பாலும் காரணமாகும். அப்போது விடியற்காலையில் பலஜாதி மீன்களும் மேலே வந்து வாய் பிளக்கும். பெரிய மீன்கள் முதலில் சாகும். வெயில் ஏறினால் தணியும். வைரஸாயின் சாவு நாளுக்கு நாள் ஏறும். பெரும்பாலும் ஒரே ஜாதியில், குஞ்சுகளில் மிகுதியாகக் காணும். ஆதலால் தினந்தோறும் செத்தவற்றை ஜாதிவாரியாய் எண்ணிக் குறித்து வைப்பது, கடை மருந்தை வாங்கிக் கொட்டுவதினும் பதின்மடங்கு பயனுடையது. ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்யா, பணந்தான் வீண்.

வியாதி வரும் வழி முக்கியமாகக் குஞ்சுகளே. மலிவென்று ஊர்பேர் தெரியாத வண்டியில் வாங்காமல், பரிசோதிக்கப்பட்ட பண்ணைக் குஞ்சுகளையே வாங்குக. வாங்கியதையும் மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தபின் குட்டையில் விடுக. அயலார் வலையை இரவல் வாங்குவோர் அதைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்து, அலசி, வெயிலில் நன்றாய் உலர்த்த வேண்டும். உயிர்மீன் உள்ள குட்டையில் அப்பவுடரை இடலாகாது. மீன் அதனாலேயே மடியும்.

மலைநாட்டில் மேட்டுக் குட்டையின் கழிவுநீர் பள்ளத்துக் குட்டைக்காரர் வாய்க்காலில்தான் இறங்கும். வியாதி கண்டவர் மடையை அடைத்து, செத்த மீனைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். ஓடையில் எறிதல் அண்டையாருக்குச் செய்யும் தீங்காம். கிராம உத்தியோகஸ்தர்கள் இதைக் கண்டிப்பாய்க் கவனிப்பாராக.

2013 முதல் நீர்வாழ் உயிரினங்களின் வியாதிகளைத் தேசமெங்கும் கண்காணிக்கும் திட்டம், லக்னோவிலுள்ள தேசிய மீன் மரபுவள நிலையத்தின் பொறுப்பில் நடந்து வருகிறது. ஆகவே சந்தேகம் தோன்றியவுடன் மீன்வளத் துறை ஆய்வாளருக்குத் தெரிவிக்கலாம். அழுகிய மீன் பரிசோதனைக்கு உதவாது; சாகுந்தறுவாயிலுள்ள சில மீன்களைத் தனிப்பையிலிட்டுப் பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே ஒப்புவிக்க வேண்டும்.