யன்னலோரத்துக் கறிவேப்பிலை



நம்மில் பலருடைய பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் கனடாவில் வாழ்கின்றனர். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நம்மவர் வாழும் தொடர்மாடிகளின் பல்கனிகளை அண்ணாந்து பாருங்கள். சாடிகளில் கறிவேப்பிலை நிற்கும். கோடையில் அது ஊரில் நிற்பது போலவே தழைக்கும். துன்பம் ஒக்டோபரில் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. ரொறன்ரோவிலோ ஜூனில் 15 மணி நேரத்துக்கு மேல் நீளும் பகல், டிசம்பரில் 9 மணி நேரத்துக்கும் குறைந்துவிடுகிறது. ஒக்டோபரில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 நிமிடங்கள் கழிகின்றன. இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்குமுன் சாடியை உள்ளே எடுத்து, தெற்கு நோக்கிய யன்னலோரம் வைத்தல் வேண்டும். வைத்தாலும் இலை மஞ்சளித்து உதிரும். அதைக் கண்டு பதறி நீரையும் பசளையையும் மிகுதியாக இடுவோர் உண்டு. ஒளி குன்றிய செடி குறைவாகவே நீர் அருந்தும். ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். அன்பினாலும் கொன்றுவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சகல ஆத்துமாக்கள் திருநாளை அடுத்து அங்கு ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். இலையற்ற சாடியை மகன் வெளியே எறியப் புறப்பட்டார். எழுபதைக் கடந்த தாயார் தண்டை நகத்தால் சுரண்டிக் காட்டினார். “தம்பி, உள்ளுக்குப் பச்சை இருக்குது. விடு ராசா.”

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், காய்க்காத அத்திமரத்துக்காக இன்னும் ஓராண்டு கேட்டு நின்ற தோட்டத்தொழிலாளி என் நினைவுக்கு வந்தார். அம்மரம் காய்த்ததா என்பதை ஆண்டவர் சொல்லவில்லை. அத்தாயாரின் செடி தளிர்த்ததா என்பதை நானும் கேட்கவில்லை. என் மனம் வேறொன்றில் நின்றுவிட்டது.

அச்செடி இருந்த யன்னலோரமே அவருடைய இருக்கையும். பனிக்காலத்தில் வழுக்கி விழும் அச்சத்தால் திருப்பலிக்கும் செல்வதில்லை. டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்னரே இருள் சூழ்ந்துவிடும். “அந்த நேரந்தான் சுவாமி ஊரோட கதைக்க மனம் ஏங்கும். ஆனா அங்க சாமம்” என்றார்.

நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கு மணிக்கூட்டைப் பின்வைப்பர். அதன்பின் அவர்கள் நமக்குப் பத்தரை மணி நேரம் பிந்தியவர்கள். இங்கு இரவுச் செபமாலை முடிந்து எட்டு மணியாகையில் அங்கு காலை 9.30. யன்னலோரத்தில் வெயில் விழும் நேரம் அது. உங்கள் தாயாரும் அப்போது அங்கேதான் அமர்ந்திருப்பார்.