போறணை இல்லாத வீட்டில் ஈஸ்டர் கேக்

ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயங்களில் போறணை ஏது? விறகு அடுப்பில்தான் நான் உயிர்த்த ஞாயிறுக்குக் கேக் சுடுகிறேன். மண் அடுப்பு உள்ள சகோதரிகள் யாரும் செய்யலாம்.

கோதுமை மா, பட்டர், சீனி ஒவ்வொன்றும் 250 கிராம், முட்டை 5, வனிலா ஒரு தேக்கரண்டி. பட்டர் விலைக்குப் பயந்தால் மாஜரின் போதும். பட்டரையும் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாவைக் கடைசியில் மெதுவாகக் கலக்கவும். மாவில் பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே உள்ள ஊர், காற்றழுத்தம் குறைவு. கேக் சட்டென எழும்பி நடுவில் அமுங்கிவிடும். வன்னிச் சகோதரிகள் ஒன்றரை தேக்கரண்டி போடலாம்.

பெரிய அலுமினியப் பானையில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, மூடி, கால் மணி நேரம் சூடாக்குங்கள். கேக் தட்டை உள்ளே வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணல் போடுங்கள். அடியிலும் தணல்தான், சுவாலை கூடாது. முக்கால் மணி நேரம் திறக்காதீர்கள். பிறகு ஈர்க்கால் குத்திப் பாருங்கள், மா ஒட்டக்கூடாது.

எங்கள் வீட்டில் பட்டர் அடிப்பது சின்னம்மா. 1977 கலவரத்தின்பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறி, 2009இல் முகாமுக்கும் போனவர். கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்களில் 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்தபின், ஈஸ்டர் பூசைக்கு வர அவருக்குக் கால் எழவில்லை. நாங்கள் வற்புறுத்தவில்லை. கிண்ணத்தையும் அகப்பையையும் கொடுத்தோம். அடித்துக்கொண்டே கிளிநொச்சி வீட்டு மாமரத்தைப் பற்றிச் சொன்னார். போன வருடம் பூசைக்கும் வந்தார், கடைசி வாங்கில், வாசலுக்குப் பக்கத்தில்.