ஞானப்பல்லும் மூன்று நாள் கூலியும்

ஞானப்பல்லைப் பிடுங்கும்போது வலி தெரிவதில்லை. மரத்துப்போகும் ஊசி அதைப் பார்த்துக்கொள்கிறது. ஊசியின் வேகம் தணிந்த பிறகே வலி தொடங்குகிறது. வீக்கமோ இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்தைத் தொடும். இதை முன்கூட்டி அறியாதவர்கள், கன்னம் பெருத்ததும் சீழ் பிடித்துவிட்டதென்று அஞ்சி, ஆன்டிபயாடிக் கேட்டு மருந்துக்கடைக்குப் போகிறார்கள். பெரும்பாலும் அது ஆறும் புண்ணின் இயல்பே.

குன்னூர், உதகைக் குளிரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கன்னத்தில் பனிக்கட்டி வைக்கச் சொன்னால் இங்கே எவருக்கும் மனம் வராது. கை தானாக வெந்நீர் ஒத்தடத்துக்கும் கொதிக்கும் தேநீருக்கும் போகும். முதல் நாளில் சூடு, இரத்தக் குழாய்களை விரித்துக் கசிவைக் கூட்டிவிடும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, இடைவெளி விட்டு மறுபடி வைப்பதே சரி. தேநீரை ஆறவிட்டுக் குடிக்கலாம். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்புளிப்பது மறுநாள் முதல்தான்.

புதிய வலிநிவாரணிகளைச் சோதிக்க ஆய்வாளர்கள் பெரிதும் நாடுவது ஞானப்பல் எடுத்தவர்களைத்தான்; ஆகவே இவ்வலி குறித்த சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. பாரசிட்டமாலும் இப்யூபுரூஃபனும் தனித்தனியே தருவதைவிடச் சேர்ந்து நன்கு வேலை செய்கின்றன. மருத்துவர் எழுதிய அளவில், மரப்பு நீங்கும் முன்பே முதல் வேளையை விழுங்குவது நல்லது. இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இப்யூபுரூஃபனைத் தொடக் கூடாது.

குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் புண்ணுக்கு மூடி. புகைப்பதும் உறிஞ்சுகுழலில் குடிப்பதும் ஓயாமல் துப்புவதும் அதைப் பெயர்த்துவிடலாம். அப்போது எலும்பு வெளிப்பட்டு, காதுவரை பரவும் வலி எழும். மூன்று நாளுக்குப் பிறகும் வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் திரும்ப வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமென்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

பொருளியல் கற்பித்தவன் என்பதால் என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. இத்தனை அறிவுரையும் ஓய்வு கிடைப்பவருக்கே பயன்படும். மறுநாளே குனிந்து இலை பறித்து மூட்டை சுமந்தால் இரத்தக் கசிவு திரும்பக்கூடும். மருத்துவர் சான்றளித்த நோய்க்குத் தொழிலாளி படி பெறலாம் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால், அதன் வரம்பு பொதுவாக ஐந்து ஹெக்டேருக்கும் பதினைந்து தொழிலாளருக்கும் குறையாத தோட்டங்களோடு நின்றது. சிறு தேயிலை விவசாயிகளிடம் அன்றாடக் கூலிக்கு இலை பறிக்கும் பெண்கள் அதற்கு வெளியே இருந்தார்கள். அரசு மருத்துவமனை பல்லை இலவசமாகவே பிடுங்கினாலும், வீக்கம் வடியும்வரை வீட்டிலிருக்கும் மூன்று நாளின் கூலி அவர்கள் கையிலிருந்துதான் போகிறது.