மருந்துக்கு அடங்காத கிருமி அடங்கிய கதை



ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகும் சிலருக்குப் புண்ணில் சீழ் வைப்பதுண்டு. வழக்கமான ஆன்டிபயாடிக் ஊசி போட்டும் காய்ச்சல் தணியாவிட்டால், மருந்துக்கு அடங்காத கிருமியோ என்ற கவலை டாக்டர்களுக்கு எழும். இது நேற்று முளைத்த கவலை அல்ல. இதை ஆரம்ப நாட்களிலேயே எண்ணிக் கணக்கிட்டுக் காட்டியவர் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் கிருமியியல் நிபுணர் டாக்டர் மேரி பார்பர். அவருடைய பணியைப் பற்றி இந்த இதழில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சீழ்ப் புண்களுக்கு முக்கிய காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி. 1940-களில் பென்சிலின் வந்தபோது இந்தக் கிருமியின் கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் பார்பர் தம் ஆய்வுக்கூடத்தில் வேறொன்றைக் கண்டார். 1946-இல் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் நூற்றுக்குச் சுமார் 14 பென்சிலினுக்குச் சாகவில்லை. 1947-இல் அது 38 ஆயிற்று. 1948-இல் 59-ஐ எட்டியது.

இது எப்படி நடந்தது? சில கிருமிகள் பென்சிலினேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. அது பென்சிலினை உடைத்துப் பயனற்றதாக்கிவிடுகிறது. இத்தகைய கிருமிகள் முதலில் கொஞ்சமாகவே இருந்தன. பென்சிலின் மற்றக் கிருமிகளை அழித்தபோது இவற்றுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. வயலில் பயிரை அறுத்துவிட்டுக் களையை மட்டும் விட்டுவைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று. பிறகு ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு, பெரும்பாலும் சிகிச்சை செய்பவர்களின் கைகள் வழியாகவே, அவை பரவின.

ஆகவே காரணம் இரண்டு: மருந்தை அளவின்றிக் கொடுப்பது, கிருமியைப் பரவவிடுவது. 1950-களின் இறுதியில் பார்பரும் அவருடைய சக டாக்டர்களும் ஹாமர்ஸ்மித்தில் இவ்விரண்டையும் சேர்த்தே கட்டுப்படுத்தினார்கள். உண்மையில் தேவைப்பட்டவர்களுக்கு மட்டுமே பென்சிலின் கொடுக்கப்பட்டது. மற்ற ஆன்டிபயாடிக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றதில் அகப்படும் என்பது கணக்கு. தொற்று பரவாதபடியும் கவனித்துக்கொண்டார்கள். பலனை 1960-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். ஏறிய எண்ணிக்கை இறங்கியிருந்தது!

அதே சமயத்தில் மெதிசிலின் என்ற புதிய மருந்தும் வந்தது. ஆனால் 1961-லேயே அதற்கும் அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸை இங்கிலாந்தில் பட்ரிசியா ஜெவன்ஸ் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். இன்று உலகெங்கும் டாக்டர்கள் அஞ்சும் எம்.ஆர்.எஸ்.ஏ. இதுவே. புதிய மருந்து மட்டும் நம்மைக் காப்பாற்றாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பார்பர் 1965-இல் சாலை விபத்தில் காலமானார். அவர் காட்டிய வழி இன்றும் பழையதாகவில்லை.

2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. நம் நாட்டிலும் 2014 மார்ச் முதல் சில முக்கிய ஆன்டிபயாடிக்குகளை டாக்டரின் சீட்டு பெற்றே விற்க வேண்டும், விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி வந்தது.

நன்கொடை என்றதும் விலையுயர்ந்த மருந்துகளே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவையும் தேவைதான். ஆனால் வார்டில் தண்ணீர் வரும் குழாயும் சோப்பும் உயிர் காப்பவையே. கல்ச்சர் பரிசோதனையும் அப்படித்தான். சீழைத் தட்டில் தடவி, கிருமியை வளர்த்து, மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி போதிய அளவுக்கு வளராமல் நிற்கிறதோ, அந்த மருந்து பலிக்கும். இரண்டு மூன்று நாட்களில் விடை கிடைத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலும் நீங்கள் செய்யக்கூடியது உண்டு. சளிக்கும் ஜலதோஷத்துக்கும் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள். நாம் இன்று வீணாக்காத மருந்து, நாளை ஒரு தாய்க்கோ குழந்தைக்கோ பலிக்கும்.