பழைய லேப்டாப்பை எடைக்கு போடாதீங்க! வீட்டு 'சர்வர்' ஆக்கலாம். கரண்டு பில்லில் கவனம்

திருநின்றவூர்,

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந்தேதியுடன் முடிந்தது. 'இனி உதவாது' என்று பழைய கம்ப்யூட்டரை பலரும் மூலையில் போட்டு விட்டனர். கம்ப்யூட்டர் பிரியர்களோ அதில் இலவச லினக்சை ஏற்றி, வீட்டு சர்வர் ஆக்கி விடுகிறார்கள்.

சர்வர் என்றதும் மிரள வேண்டாம். ஓட்டலில் கேட்டதை கொண்டு வருபவரும் சர்வர்தானே? அதே வேலைதான். செல்போன் போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் இதில் பத்திரமாக இருக்கும். கேட்கிற போனுக்கு வைபை மூலம் எடுத்துக் கொடுக்கும். கூகுள் போட்டோசில் கணக்கில்லாமல் இலவசமாக சேர்த்த காலம் 2021 ஜூன் 1-ந்தேதியோடு போச்சு.

சிக்கல் கரண்டில்தான். சர்வர் 24 மணி நேரமும் ஓட வேண்டும். 100 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் தினமும் 2.4 யூனிட். 2 மாதத்துக்கு 144 யூனிட். 15 வாட்டில் ஓடும் லேப்டாப்புக்கு அதே 2 மாதத்தில் 22 யூனிட் கூட ஆகாது. கரண்டு போனாலும் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அப்படியே ஓட்டக்கூடாது, மாற்றி விட வேண்டும்.

ஹார்டு டிஸ்க் வாங்க சென்டிரலுக்கு ரெயில் ஏறினால், அங்கிருந்து ரிச்சி தெரு கிட்டத்தில்தான். செகண்ட் ஹேண்ட் டிஸ்க் எப்போது மக்கர் செய்யும் என்று சொல்ல முடியாது. குழந்தையின் முதல் போட்டோவை அதை மட்டும் நம்பி வைக்கக்கூடாது. இன்னொரு காப்பி எடுத்து உறவினர் வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது. மழைக்காலத்தில் தண்ணீர் புகும் தெருவில் இருப்பவர்கள் சர்வரை தரையில் வைக்காமல் உயரமான அலமாரியில் வைக்க வேண்டும்.