கடலுக்குப் பயந்து கட்டிய கோயில்

வேல்ஸின் வடமேற்கில் லீன் தீபகற்பத்தின் கோடியில் இருக்கிற சிற்றூர் அபெர்டாரோன். அங்குள்ள புனித ஹவின் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தாண்டினால் மணல், அடுத்து கடல்.

அந்தக் காலத்தில் இது காத்திருக்கும் ஊர். எதிரே என்லித் தீவு. மூன்று முறை அங்கே போய்வந்தால் ரோமாபுரிக்கு ஒருமுறை போன புண்ணியம் என்றார்கள். இடையில் பொல்லாத நீரோட்டம். காற்று அடங்கும்வரை யாத்திரிகர்கள் இங்கேதான் கிடந்தார்கள். அவர்கள் பசியாறியதாகச் சொல்லப்படும் ‘பெரிய சமையலறை’ இன்று டீக்கடை. 1115-இல் தென்வேல்ஸ் இளவரசன் கிரிஃபித் அப் ரீஸ் உயிருக்குப் பயந்து ஓடிவந்து ஒளிந்ததும் இந்தக் கோயிலில்தான். பிடிக்க வந்த அரசன் ஆட்களைக் குருமார் உள்ளே விடவில்லை.

அரசன் ஆட்களிடமிருந்து காத்த கோயிலையே பிறகு கடல் மிரட்டியது. சுவர் இடிந்துவிடும் என்று பயந்து, 1841-இல் ஊருக்கு மேலே மேட்டில் புதுக்கோயில் எழுப்பினார்கள். பத்திரமான இடம்தான். ஆனால் ஊராருக்கு அது ஒட்டவே இல்லை. 1906-இல் பழைய கோயிலைச் செப்பனிட்டு இறங்கி வந்துவிட்டார்கள். பாதுகாப்பை மட்டும் பார்த்துக் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று உள்ளே போனால், வெராசியஸ், செனாகஸ் என்ற ஆதிகாலக் குருமாரின் பெயர் வெட்டிய இரண்டு நடுகற்கள் நிற்கின்றன. ஆயிரத்து நானூறு வருடங்களுக்கும் மேல் பழையவை. அதே கூரையின் கீழ் கூழாங்கல் குவியல் ஒன்றும் உண்டு. வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களின் பெயரைக் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். பின்னால் அவை கடலுக்கே திரும்புகின்றன. எழுதுபவர்களில் வெளியூர்க்காரர்களும் இருக்கிறார்கள்.

வெளியூர்க்காரர்களால் ஊரும் மாறுகிறது. லீன் பகுதியில் வேல்ஷ் இன்னமும் வீட்டுமொழி. ஆனால் கடலோர வீடுகளை விடுமுறைக்கென்று வெளியார் வாங்கிப் போட, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு விலை எட்டவில்லை. 2023 ஏப்ரல் முதல் க்வினெத் மாவட்ட மன்றம் இரண்டாம் வீடுகளுக்கு 150 சதவீதம் கூடுதல் வரி போட்டது.

இந்தக் கோயிலில் 1967 முதல் 1978 வரை குருவாக இருந்தவர் கவிஞர் ஆர். எஸ். தாமஸ். வேல்ஷை முப்பது வயதுவாக்கில்தான் கற்றார். கவிதை எழுதியதோ ஆங்கிலத்தில். வேல்ஸில் வீடு வாங்கிக் குவிக்கும் ஆங்கிலேயரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. இப்போது அவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலைத் தேடி வருகிறவர்களில் ஆங்கிலேயர்களும் உண்டு.